விசிறி வேகம் ஏறினால் மாட்பஸ் அறுந்துபோகிறது: மாட்யூலா, கேபிளா?

ஷிப்ட்_பி கேட்டது:

வணக்கம். ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ரிங் ஸ்பின்னிங் கூடத்துக்குக் காற்றும் ஈரமும் தருகிற ஹியூமிடிபிகேஷன் பிளான்டில் ஒரு தொல்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எதை நம்பிச் செலவு செய்வது என்று தெரியவில்லை.

இருப்பது இது: சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சி (எந்திரங்களை நிரல்படி இயக்கும் கணினி), சிபியு 1214சி. அதன் இடப்பக்கத்தில் சிஎம் 1241 ஆர்எஸ்-422/485 மாட்யூல். அதிலிருந்து மாட்பஸ் ஆர்டியு, அதாவது பிஎல்சி மாஸ்டராக ஒவ்வொரு கருவியையும் முகவரி சொல்லிக் கேட்டுப் பதில் வாங்கும் தொடர்பு முறை. வேகம் 9600, ஈவன் பாரிட்டி, ஒரு ஸ்டாப் பிட். முதலில் நான்கு டிரைவ்கள் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவிகள்) மட்டும் இருந்தன, முகவரி 1 முதல் 4 வரை, பிஎல்சிக்கு அடுத்த பேனலிலேயே. அப்போது ஒரு குறையும் கிடையாது. இந்தக் கோடையில் கூடத்தை நீட்டித்தபோது மறுகோடியில் புதுப் பேனல் வந்தது. அதில் வேறு கம்பெனி டிரைவ்கள் இரண்டு (5, 6), எனர்ஜி மீட்டர்கள் இரண்டு (11, 12). நான்காவது டிரைவின் டெர்மினலிலிருந்து கேபிள் இழுத்து 5, 6, 11, 12 என்று வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். இழுத்த தூரம் 40 மீட்டர் இருக்கும்.

மோட்டார்கள் நிற்கும்போது எட்டும் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. புதுப் பேனலின் ரிட்டர்ன் ஏர் விசிறி (5ஆம் டிரைவ், 22 கிலோவாட்) 30 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் 5, 6 இரண்டிலும் 80சி8 (கருவி பதில் சொல்லவில்லை என்ற பிழை எண்) வரத் தொடங்குகிறது. 40ஐத் தாண்டினால் மீட்டர்களும் போய்விடுகின்றன. எனக்குச் சற்றும் புரியாதது, சில நேரம் பழைய டிரைவ்களும் தொடர்பு இல்லை என்று டிரிப் ஆகி நிற்பதுதான். அவற்றின் ஒயரிங்கை யாரும் தொடவே இல்லை. எல்லா டிரைவிலும் தொடர்பு இழப்புக்கான நேரம் 5 வினாடி என்று வைத்திருக்கிறது.

விசிறி நின்றால் கூடத்தில் ஈரப்பதம் இறங்குகிறது, ரோலரில் பஞ்சு சுற்றுகிறது, இழை அறுகிறது. ஸ்பின்னிங் மாஸ்டர் நேராக என்னிடம்தான் வருகிறார். ஒயரிங் செய்த ஒப்பந்தக்காரர் மாட்யூல்தான் கெட்டுவிட்டது என்றார். புது மாட்யூல் வாங்கிப் போட்டோம், அதே கதை. இப்போது ஃபைபர் கன்வெர்ட்டர் போட வேண்டும் என்று விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

---

கோவை_பேனல்:

பாட் ரேட்டை (தொடர்பு வேகத்தை) 4800க்கு இறக்கிப் பாருங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை 3000 மில்லிவினாடியாக்குங்கள். 5, 6இல் 485இன் இரு தொடர்புக் கம்பிகளான ஏ, பியை மாற்றிப் போட்டும் பார்க்கலாம். எங்களுக்குப் பல இடங்களில் அதிலேயே சரியாகியிருக்கிறது.

---

பழைய_மீட்டர்:

தம்பி, அந்த விலைப்புள்ளியை மேஜை இழுப்பறைக்குள் வையுங்கள். கையெழுத்து வேண்டாம்.

முதலில், எது கெடவில்லை என்பதை எடுத்து வைத்துவிடுவோம். மோட்டார்கள் நிற்கும்போது எட்டும் பேசுகின்றன என்றீர்கள். அப்படியானால் முகவரி, வேகம், பாரிட்டி, ரெஜிஸ்டர் எண் எல்லாம் சரி. ஏ, பி திருப்பிப் போட்டிருந்தால் நிற்கும்போதும் ஒரு சொல் வந்திருக்காது. ஆகவே அதைத் தொடாதீர்கள். புதிதாக மாட்யூல் போடுபவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: மாட்பஸ்_காம்_லோட் பிளாக்கின் டேட்டா பிளாக்கில் 'மோட்' என்பது இயல்பாக 0 என்று இருக்கும், 485க்கு அதை 4 என்று மாற்ற வேண்டும். உங்களிடம் அது மாறியிருக்கிறது, இல்லாவிட்டால் எதுவுமே பதில் சொல்லியிருக்காது. மாட்யூலையும் மாற்றியாயிற்று, நோய் அப்படியே இருக்கிறது. அந்தச் செலவில் கிடைத்த ஒரே இலாபம், மாட்யூல் குற்றவாளி இல்லை என்பது. மிச்சம் இருப்பது கம்பி. கம்பியை மடிக்கணினியில் பார்க்க முடியாது. மல்டிமீட்டரை எடுங்கள்.

அதற்கு முன் பழைய டிரைவ்கள் ஏன் நிற்கின்றன என்பது. இதற்கும் இரைச்சலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, கணக்குத்தான். 9600இல் ஒரு பைட் என்பது 11 பிட். கேள்விக்கு 8 பைட், அதாவது 9.2 மில்லிவினாடி. நான்கு ரெஜிஸ்டர் படித்தால் பதில் 13 பைட், ஏறக்குறைய 15 மில்லிவினாடி. இடையில் மூன்றரை எழுத்து மௌனம் 4 மில்லிவினாடி, கருவி யோசிக்கும் நேரம் கொஞ்சம். ஒரு கருவிக்கு 50 என்று வையுங்கள், எட்டுக்கும் அரை வினாடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். இது எல்லாம் நலமாக இருக்கும்போது. ஒரு கருவி பதில் சொல்லாவிட்டால்? பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், ரெஸ்ப்_டிஓ, இயல்பாக 1000 மில்லிவினாடி. 80சி8 என்று கைவிடுவதற்கு முன் மாஸ்டர் இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்க்கும், ரீட்ரைஸ் இயல்பாக 2. ஆக, ஊமையாகிவிட்ட ஒரு கருவி 3 வினாடி தின்கிறது. 5, 6 இரண்டும் போனால் 6 வினாடி. பந்தியில் எழுந்து போன ஒருவருக்காகச் சாம்பார் வாளியுடன் அவர் இலை முன்னால் நின்றுகொண்டிருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் 1 முதல் 4 வரை 5 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றன. அவற்றின் மேல் குற்றம் இல்லை.

இதனால்தான் காத்திருக்கும் நேரத்தை 3000 ஆக்கச் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஒரு கருவிக்கு 9 வினாடி ஆகும், பிளான்ட் முழுவதும் நிற்கும். எதிர்ப்பக்கம் போங்கள்: 200 மில்லிவினாடி வையுங்கள். நான்கும் ஊமையானாலும் 2.4 வினாடிதான் வீணாகும், பழைய டிரைவ்கள் ஓடிக்கொண்டிருக்கும். இன்றே செய்யலாம், செலவு இல்லை. ஆனால் இது நோய்க்கு மருந்து இல்லை, நீங்கள் நிதானமாக வேலை பார்க்க நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

இனி அளவை. பிளான்ட் நிற்கும் நேரம் பார்த்து எல்லா மின்சாரத்தையும் நிறுத்துங்கள். டிரைவின் மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், அவ்வளவும் காத்திருங்கள், உள்ளே கெபாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மாட்யூலிலிருந்து ஒன்பது முள் கனெக்டரைக் கழற்றி, ஏ, பி இரண்டுக்கும் நடுவே எத்தனை ஓம் என்று பாருங்கள். மெகர் (உயர் வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் பார்க்கும் கருவி) வேண்டாம். கருவிகள் கோத்திருக்கும் தொடர்புக் கேபிளில் 500 வோல்ட் மெகர் வைத்து, எல்லா டிரைவின் 485 சிப்பையும் ஒரே நொடியில் முடித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா இடத்திலும் 60 ஓம் வர வேண்டும் என்றுதான் படித்திருப்பீர்கள். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் முனைத் தடை, இணையாக 60. ஆனால் உங்கள் பிஎல்சி முனையில் சுவிட்ச் வைத்த பிராபிபஸ் கனெக்டர் இருந்தால் கணக்கு வேறு. அந்தச் சுவிட்சை ஆன் செய்தால் உள்ளே வருவது 220 ஓம், கூடவே 5 வோல்ட்டுக்கு 390, பூஜ்ய வோல்ட்டுக்கு 390. மறுமுனையில் 120 போட்டிருந்தால் 220க்கும் 120க்கும் இணை 78 ஓம் வரும். எட்டுக் கருவிகளின் உள்தடையும் சேரும்போது இன்னும் நான்கைந்து ஓம் குறையலாம். 70க்கும் 80க்கும் இடையில் இருந்தால் நலம். அதைவிட மிகக் குறைவாக இருந்தால் யாரோ நடுவில் தடை போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கனெக்டரைப் பற்றி ஒன்று. சுவிட்சை ஆன் செய்தால் வெளியே போகும் ஜோடியை அது துண்டித்துவிடும். முனைக்கென்று செய்தது, அப்படித்தான் செய்யும். நடுவில் மாட்டிய கனெக்டரின் சுவிட்சைத் தெரியாமல் தள்ளிவிட்டு, அடுத்த பேனல் முழுவதும் செத்துவிட்டது என்று அலைவது ஆண்டுதோறும் நடக்கிறது. உங்களுக்கு அது இல்லை, இருந்தால் நிற்கும்போதும் பேசாது.

அடுத்து, கனெக்டரைத் திரும்ப மாட்டி, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்து, பிஎல்சியை மட்டும் ஸ்டாப்பில் வையுங்கள். மோட்டார் எதுவும் ஓடக் கூடாது. கடைசி மீட்டரின் டெர்மினலில் ஏ, பி நடுவே டிசி வோல்ட் பாருங்கள். யாரும் பேசாதபோது லைன் எவ்வளவு தெளிவாக 'மௌனம்' என்று சொல்கிறது என்பதற்கான அளவு அது. 485 ரிசீவருக்கு 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அது எந்தப் பக்கம் என்று உறுதி. அதற்குக் கீழே எப்படியும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே சின்ன இரைச்சல் விழுந்தாலும் ஒரு ஸ்டார்ட் பிட் வந்ததாக நினைத்துக்கொள்ளும், பின்னால் வரும் உண்மையான செய்தி சிதையும், செய்தியின் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி தவறும், கருவி வாயைத் திறக்காது. உங்களுக்கு 80சி8 என்று தெரியும்.

இந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

---

ஷிப்ட்_பி:

ஐயா, மிக்க நன்றி. வார விடுமுறையில் பிளான்ட் நின்றபோது அளந்தோம்.

ரெஸ்ப்_டிஓ 200 ஆக்கியதிலிருந்து பழைய டிரைவ்கள் நிற்கவில்லை. 5, 6 மட்டும் முன்போலவே வந்து வந்து போகின்றன.

ஏ, பி நடுவே 33 ஓம். மௌனத்தில் டிசி 0.18 வோல்ட்.

பிஎல்சி முனையில் நீங்கள் சொன்ன அதே கனெக்டர், சுவிட்ச் ஆன். கடைசி மீட்டரில் 120 ஓம் தடை இருக்கிறது. இப்போது என்ன தேட வேண்டும்?

---

பழைய_மீட்டர்:

33 என்றால் எண்ணிவிடலாம். 220ஐ எடுத்துக்கொண்டு அதற்கு இணையாக மூன்று 120 வையுங்கள்: 34 வரும், உள்தடையும் சேர்த்தால் 33. ஆகக் கடைசி மீட்டரில் இருப்பதைத் தவிர இன்னும் இரண்டு 120 எங்கோ இருக்கிறது. ஒரு லைனுக்கு இரண்டு முனைதான். உங்கள் லைனில் நான்கு பேர் தாங்கள்தான் முனை என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்று எங்கே என்று பார்க்காமலே சொல்கிறேன்: நான்காவது டிரைவ். பழைய லைன் அங்கேதான் முடிந்தது, அங்கே தடை போட்டிருப்பார்கள். நீட்டித்தவர் அதே டெர்மினலில் புதுக் கம்பியைச் செருகிவிட்டுப் போயிருப்பார். மற்றொன்று 5 அல்லது 6இல், உள்ளே இருக்கும் தடையை இணைக்கும் சின்ன டிப் சுவிட்ச். மூடியைக் கழற்றினால் கண்ட்ரோல் போர்டில் 485 டெர்மினலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

485 டிரைவருக்குத் தரநிலை கேட்பது 54 ஓம் சுமையில் குறைந்தது 1.5 வோல்ட். நீங்கள் 33 ஓம் கொடுத்திருக்கிறீர்கள். பேசும்போது குரல் தாழ்கிறது, பேசாதபோது மௌனமும் 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே தள்ளாடுகிறது. 30 ஹெர்ட்ஸ் என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. டிரைவ் ஓடத் தொடங்கியதுமே இரைச்சல் உண்டு, சுமையோடு அது வளர்கிறது, உங்கள் லைனின் கையிருப்பு 30இல் தீர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

---

ஷிப்ட்_பி:

நான்காவது டிரைவின் டெர்மினலில் ஸ்லீவ் போட்ட தடை ஒன்று, கம்பிகளோடு சேர்த்து முறுக்கப்பட்டு இருந்தது. 6ஆம் டிரைவில் டிப் சுவிட்ச் ஆன். இரண்டையும் எடுத்தாயிற்று. இப்போது 74 ஓம், மௌனத்தில் 0.39 வோல்ட்.

விசிறி 40 வரை ஒரு பிழையும் இல்லை. 45க்கு மேல் போனால் 5, 6இல் அவ்வப்போது 80சி8 வருகிறது, மறுபடி கேட்கும்போது பதில் வந்துவிடுகிறது. கோடையில் 50இல்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது, ஆகவே இதோடு விட மனமில்லை.

கேபிளையும் பார்த்தேன். இரண்டு கோர், ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் கண்ட்ரோல் கேபிள். முறுக்கு இல்லை. கூடத்தின் மேல் போகும் டிரேயில் 22 கிலோவாட் மோட்டார் கேபிளோடு சேர்த்து டை போட்டுக் கட்டி, கடைசி வரை கூடவே போகிறது. மோட்டார் கேபிளுக்கு ஷீல்டு கிடையாது. தொடர்புக் கேபிளின் ஷீல்டைப் புதுப் பேனலில் ஒரு சாண் நீளத்துக்கு முறுக்கி 5ஆம் டிரைவின் காமன் (485 பகுதியின் பூஜ்ய வோல்ட்) டெர்மினலில் போட்டிருக்கிறார்கள். மறுமுனையில் பேனல் எர்த்தில்.

---

டிரைவ்_சர்வீஸ்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இனி இது எங்கள் பக்கத்து வேலை.

டிரைவின் வெளியீடு சைன் அலை இல்லை. டிசி பஸ்ஸை நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது, ஒவ்வொரு வெட்டும் ஒரு மைக்ரோவினாடிக்குள் ஏறி இறங்குகிறது. மோட்டார் கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும் கெபாசிட்டன்ஸ் வழியாக ஒவ்வொரு வெட்டிலும் மின்னோட்டம் கசிந்து, டிரைவுக்குத் திரும்பி வர வழி தேடுகிறது. ஷீல்டு போட்ட மோட்டார் கேபிளாக இருந்தால் அதன் ஷீல்டே வழி. உங்களிடம் அது இல்லை, ஆகவே பக்கத்தில் கட்டியிருக்கும் தொடர்புக் கேபிளின் ஷீல்டு வழியாக வருகிறது. அந்த ஷீல்டை டிரைவின் காமனில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், வாசலைத் திறந்து வரவேற்றதற்குச் சமம். முதல் வேலையாக அதைக் காமனிலிருந்து எடுங்கள்.

இரைச்சல்தானா என்று ஐந்து நிமிடத்தில் உறுதி செய்ய ஒரு வழி உண்டு. 5ஆம் டிரைவின் கேரியர் அலைவெண், அதாவது அது நொடிக்கு எத்தனை முறை வெட்டுகிறது என்பது, 8 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால் 4க்கோ, அதற்கும் கீழோ இறக்குங்கள். மோட்டார் சற்றுக் கூவும், விசிறி அறையில் யாருக்கும் அது பொருட்டில்லை. பிழைகள் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், இரைச்சல்தான். குறைந்துவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சோதனைக்கு மட்டும்.

பிறகு, தொடர்பு இழந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பாராமீட்டர் எல்லா டிரைவிலும் உண்டு. ஃபால்ட் காட்டி நிற்பதற்குப் பதிலாகக் கடைசி வேகத்திலேயே ஓடி, அலாரம் மட்டும் கொடுக்கும்படி வைக்கலாம். ஈரக் காற்று விசிறிக்கு அது ஏற்றது. பளு தூக்கும் இடத்திலோ, ஆள் கை வைக்கும் எந்திரத்திலோ ஒருபோதும் அப்படி வைக்காதீர்கள்.

ஷீல்டை இரண்டு முனையிலும் உலோகக் கிளாம்ப் போட்டு, சுற்றளவு முழுவதும் பேனல் தகட்டைத் தொடும்படி பிடிக்க வேண்டும். ஒரு சாண் வாலாக முறுக்கி எர்த்தில் போடுவது உயர் அலைவெண்ணுக்கு எர்த்தே இல்லை என்பதற்குச் சமம்.

---

பழைய_மீட்டர்:

காமனிலிருந்து எடுப்பது, கிளாம்ப் போடுவது, கேரியர் சோதனை மூன்றிலும் எனக்கு உடன்பாடு. இரண்டு முனையிலும் ஷீல்டைக் கட்டுவதில் மட்டும் ஒரு நிபந்தனை வைக்கிறேன். கூடத்தின் இரு கோடியில் இருக்கும் பேனல்களின் எர்த் ஒன்றுதானா என்று நூற்பாலைகளில் யாராலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. எர்த் குழி வேறு வேறாக இருக்கும். தம்பி, விசிறி 50இல் ஓடும்போது ஒரு நீளக் கம்பி இழுத்து இரு பேனல் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே இருந்தால் அவர் சொன்னபடி இரண்டு முனையிலும் கட்டுங்கள். சில வோல்ட் இருந்தால் முதலில் இரு பேனலுக்கும் நடுவே தடித்த எர்த் கம்பி ஒன்று இழுங்கள், பிறகு ஷீல்டு. இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் முழுவதும் மெல்லிய ஷீல்டில் ஓடும்.

இதோடு சேர்ந்த விஷயம்தான் காமன் கம்பி. 485 இரண்டு கம்பி என்று எல்லோரும் சொல்வதால் மூன்றாவதை யாரும் இழுப்பதில்லை. 485 ரிசீவர் தன் பூஜ்யத்திலிருந்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். இரு பேனலின் பூஜ்யமும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே மிதந்தால் அந்த வரம்பைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. மாட்பஸ் வரையறையே காமன் கம்பி வேண்டும் என்கிறது, அதை எர்த்தோடு ஓரிடத்தில் மட்டும், மாஸ்டர் பக்கத்தில், சேர்க்கச் சொல்கிறது. ஷீல்டைக் காமனாகப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் ஒப்பந்தக்காரர் செய்தது அதுதான்.

ஆகவே கேபிள் மாற வேண்டும். 120 ஓம் மின்மறுப்பு உள்ள, 485க்கென்று செய்த கேபிள். கடையில் 'ஒன்றரை ஜோடி' என்று கேளுங்கள்: ஏ, பிக்கு முறுக்கிய ஜோடி ஒன்று, காமனுக்குத் தனிக் கம்பி ஒன்று, மேலே ஃபாயிலும் பின்னலும். அது கிடைக்காவிட்டால் இரண்டு ஜோடி வாங்கி, இரண்டாவது ஜோடியின் இரு கம்பியையும் சேர்த்துக் காமனாக்குங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் இங்கே எதற்கும் உதவாது.

ஆனால் டிரேயில் ஏறுவதற்கு முன் ஒரு சோதனை. புதுக் கேபிளைத் தரையிலேயே, சுவர் ஓரமாக, மோட்டார் கேபிளுக்கு எட்ட விரித்துப் போட்டு இரு முனையிலும் இணையுங்கள். யாரும் மிதிக்காமல் ஒரு ஷிப்ட் பார்த்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் பிழை இல்லை என்றால் கேபிளும் பாதையும்தான் காரணம் என்று மேனேஜரிடம் எண்ணோடு காட்டலாம். பிறகு தனி ஜிஐ குழாயில் ஏற்றுங்கள். மோட்டார் கேபிளிலிருந்து ஓர் அடியாவது விலகி இருக்கட்டும், கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

பிழைகளை எண்ணுவதற்கு மாட்பஸ்_மாஸ்டர் பிளாக்கின் எரர் பிட் வரும்போதெல்லாம் அந்தந்த முகவரிக்கு ஒரு கவுண்டரைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஸ்டேட்டஸ் ஒரு ஸ்கேனில் வந்து மறைந்துவிடும், திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் தப்பிவிடும். 80சி8 தனி, 8200 தனி. 8200 வந்தால் அது கம்பி இல்லை, ஒரு கேள்வி முடிவதற்குள் இன்னொன்றை நிரல் கேட்கிறது என்று பொருள்.

---

ஷிப்ட்_பி:

கேரியரை 8இலிருந்து 4க்கு இறக்கியதும் பிழைகள் கணிசமாகக் குறைந்தன. இரு பேனல் எர்த்துக்கும் நடுவே விசிறி நிற்கும்போது 0.4 வோல்ட், 50இல் ஓடும்போது 3 வோல்ட்டை ஒட்டி. எர்த் பட்டை இழுக்கச் சொல்லிவிட்டேன்.

இரண்டு ஜோடிக் கேபிள்தான் மதுரையில் கிடைத்தது. தரையில் விரித்து, காமனோடு இணைத்து, கேரியரைத் திரும்ப 8க்கே ஏற்றி, 50 ஹெர்ட்ஸில் ஒரு ஷிப்ட் முழுவதும் ஓட்டினோம். எட்டு முகவரியிலும் கவுண்டர் பூஜ்யம். 8200ம் இல்லை. ஃபைபருக்கான விலைப்புள்ளியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். குழாய் வேலை நாளை தொடங்குகிறது.

ஓர் ஐயம் மட்டும். டிரைவ்களில் காமன் டெர்மினல் இருக்கிறது. எனர்ஜி மீட்டர்களில் ஏ, பி இரண்டு திருகு மட்டும்தான். காமன் கம்பியை அங்கே என்ன செய்வது? மீட்டரின் எர்த் திருகில் போடலாமா?

---

பழைய_மீட்டர்:

எர்த்தில் போடாதீர்கள், ஓரிடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு அங்கே கெட்டுவிடும். அந்த மாதிரி மீட்டர்களில் 485 பகுதி பெரும்பாலும் உள்ளேயே தனிமைப்படுத்தி இருக்கும், கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 11இல் வரும் காமனையும் போகும் காமனையும் ஒரு கனெக்டரில் சேர்த்து 12க்குக் கொண்டுபோங்கள். 12இல் முனையை இன்சுலேட் செய்து மடக்கி, ஃபெரூலில் 'காமன்' என்று எழுதி வையுங்கள். நாளை அந்தப் பக்கம் இன்னொரு டிரைவ் வந்தால் தேவைப்படும். அப்போது 12இல் இருக்கும் 120 ஓமை எடுத்துப் புது முனைக்கு மாற்ற வேண்டும், அதையும் பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.